வகுப்புக் கட்டிலிலிருந்து வாட்டுக் கட்டிலுக்கு

ஜூன் மாதம் பதினெட்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். விடிந்ததிலிருந்து மழை. எஹலியகொடையில் ஜூன் மாத மழை பெய்துவிட்டுப் போகிற மழை அல்ல. வந்து தங்குகிற மழை. எங்கள் தாதியர் பயிற்சி நிலையத்தின் தகரக் கூரையில் அது விழுந்த சத்தத்தில் என் குரல் மூன்றாவது வரிசைக்கு அப்பால் போகவில்லை. அந்த நேரத்தில் நான் செயன்முறை வகுப்பின் கட்டிலில், இறப்பர் பால் வெட்டும் தொழிலாளி முத்துசாமியாகப் படுத்திருந்தேன். வயது ஐம்பத்தெட்டு, நெஞ்சுவலி, நாளுக்கு ஒரு கட்டுப் பீடி. இவை முத்துசாமியின் விவரங்கள். என் பெயர் இராமலிங்கம். வயது அறுபத்தேழு. பீடி தொட்டதில்லை. தாதியர் போதனாசிரியராக முப்பத்தொரு வருடம். அதில் கடைசி நான்கு வருடம் ஓய்வூதியம் எடுத்த பிறகு, இந்தத் தனியார் நிலையத்தில்.

போதனாசிரியர் எதற்காக நோயாளியாகப் படுக்க வேண்டும் என்று கேட்பீர்கள். மாணவிகள் கை பழகுவதற்கு நிலையத்தில் ஒரு பொம்மை இருந்தது. டம்மி என்போம். போன வருடம் அதன் மார்புக்குள் இருந்த வில் உடைந்தது, பிறகு இடது கை கழன்றது. புதிது வாங்கித் தாருங்கள் என்று டிரெக்டரிடம் ஏழு தடவை கேட்டேன். ஏழாவது தடவை அவர், "சேர், நீங்க படுத்தா அந்த டம்மிய விட நல்லா இருக்குமே" என்றார். அவர் பகிடிக்குச் சொன்னதை நான் பாடத்திட்டமாக்கிவிட்டேன். செவ்வாயும் வெள்ளியும் நான் படுத்தேன். என்னோடு படிப்பிக்கும் பரீனா மிஸ் திங்கட்கிழமைகளில் பிள்ளை பெற வந்த தாயாகப் படுத்தார்.

ஒரு விதியும் போட்டிருந்தேன். கட்டிலில் படுத்த நிமிடத்திலிருந்து நான் சேர் இல்லை, நோயாளி. நான் என்ன சொன்னாலும் நோயாளி சொல்வதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். நடுவில் யாராவது "சேர்" என்று கூப்பிட்டால் ஐந்து மார்க் குறையும். மாணவிகள் சிரித்துவிடுவார்கள் என்பதற்காகப் போட்ட விதி அது. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, தடுமாறுகிறார்களா என்று பார்க்க, "புள்ளைங்களா, இது நடிப்பு இல்ல, உண்மையாவே வலிக்குது" என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேர் நம்பி "சேர்" என்று ஓடிவந்தார்கள். ஆளுக்கு ஐந்து மார்க் போயிற்று.

ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை, நடு நெஞ்சில் ஈரச் சாக்கு மூட்டையை ஏற்றி வைத்ததுபோல் ஒரு பாரம் வந்து, அது இடது தாடைக்குப் பரவியபோது, நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை.

"புள்ளைங்களா, உண்மையாவே வலிக்குது."

"பயப்படாதீங்க முத்துசாமி ஐயா," என்றாள் திலகவதி. பத்தொன்பது வயது. தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து வருகிறவள், வகுப்பில் முதலாவது. "நாங்க இருக்கோம். வலி எப்ப ஆரம்பிச்சுச்சு? பத்துக்கு எத்தனன்னு சொல்லுவீங்க?"

"விளையாட்டு இல்லம்மா. பரீனா மிஸ்ஸ கூப்புடு."

"ஐயா சொந்தக்காரங்கள கேக்குறாரு," என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். அவள் மார்க் தாளில் ஒரு சரி போட்டாள். நோயாளியின் பதற்றத்தைத் தணித்தல், இரண்டு மார்க்.

அவர்கள் எதையும் பிழையாகச் செய்யவில்லை என்பதை இங்கே எழுதியாக வேண்டும். திரையை இழுத்தார்கள். என் தலைப்பக்கத்தை உயர்த்தினார்கள். சட்டைப் பொத்தானைத் தளர்த்தினார்கள், நாடி பார்த்தார்கள், பிரஷர் பார்த்தார்கள். கருவி நூற்றுத் தொண்ணூற்றாறுக்கு நூற்றுப் பன்னிரண்டு என்று காட்டியது. திலகவதி அந்த எண்ணைப் பார்த்தாள். என் நெற்றியைப் பார்த்தாள். பிறகு விதியை மீறினாள்.

"சேர், இந்த வேர்வைய நடிக்க முடியாது."

ஒன்பது நிமிடம் போயிருந்தது. சுவர் மணிக்கூடு கண்ணுக்கு நேரே இருந்ததால் தெரியும்.

பரீனா மிஸ் அடுத்த அறையிலிருந்து ஓடிவந்து ஓர் அஸ்பிரின் மாத்திரையைக் கடித்து விழுங்கவைத்தார். இரத்தம் குழாய்க்குள் கட்டியாகாமல் இருக்க அது உதவும். நெஞ்சுவலி என்றால் முதலில் கொடுப்பது அதைத்தான். இலவச அம்புலன்ஸ் இருபத்திரண்டு நிமிடத்தில் வந்தது. அதில் வந்தவர் நோயாளியின் பெயரைச் சிங்களத்தில் கேட்டார். அந்தப் பதற்றத்தில் ஒரு பிள்ளை "முத்துசாமி" என்றாள். வயது கேட்டதற்கு ஐம்பத்தெட்டு என்றாள். பீடியையும் விடாமல் சொல்லியிருக்கிறாள். நான் முகத்தில் ஒட்சிசன் மூடியோடு கிடந்தேன். திருத்த முடியவில்லை.

அதனால் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஓர் இளம் டாக்டர் பீடியை விடச் சொல்லி எனக்குப் புத்தி சொன்னார். நான் குடித்ததே இல்லை என்றேன். எல்லோரும் இங்கே வந்ததும் அப்படித்தான் சொல்வார்கள் என்று சிரித்தார். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். நெஞ்சிலும் கை கால்களிலும் வயர் ஒட்டி, இருதயத்தின் மின்னோட்டத்தைத் தாளில் கோடாக வரைந்து பார்ப்பது அது. கோட்டில் ஒரு சின்ன இறக்கம் இருந்தது. பிறகு ட்ரொபோனின் சோதனைக்கு இரத்தம் எடுத்தார்கள். இருதயத் தசை அடிபட்டால் அதிலிருந்து ஒரு வகைப் புரதம் இரத்தத்தில் கசியும். அது இருக்கிறதா, கூடுகிறதா என்று சில மணித்தியாலம் விட்டு இரண்டு தடவை பார்ப்பார்கள். முதல் முடிவுக்கும் இரண்டாவது முடிவுக்கும் இடையில் உள்ள நேரத்தில் நோயாளி செய்யக்கூடியது ஒன்றுமில்லை. வகுப்பில் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவேன். கட்டிலில் அந்த ஒரு வரி ஆறு மணித்தியாலம்.

இதற்குள் என் மனைவி சரஸ்வதி இரண்டு பஸ் மாறி மழையில் நனைந்து வந்து, இராமலிங்கம் என்ற பெயரை ஒவ்வொரு வாட்டாகக் கேட்டிருக்கிறாள். அப்படி ஒருவர் வரவில்லை என்றார்கள். வந்தவர் எங்கே போயிருப்பார் என்று அவள் யோசித்திருப்பாள். என்ன யோசித்தாள் என்பதை இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு தேவிகா என்ற தாதியின் கண்ணில் பட்டாள். தேவிகா என்னிடம் படித்தவள். ஆனால் அன்று அப்போதுதான் வேலைக்கு ஏறியிருந்தாள், என்னை இன்னும் பார்க்கவில்லை.

"இராமலிங்கம்னு யாரும் இல்லம்மா. நெஞ்சுவலின்னு வந்தது முத்துசாமின்னு ஒருத்தருதான். சேலைன் துளிய எண்ணிக்கிட்டே இருக்காராம்."

"எண்ணுறாரா? அப்ப அவருதான்."

இருவரும் வந்து நின்றார்கள். தேவிகா வாயைப் பொத்திக்கொண்டாள். சரஸ்வதி என் தலைமாட்டில் இருந்த பெயரைச் சத்தமாகப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"யாருங்க இந்த முத்துசாமி? இந்த வயசுல வேற பேர்ல ஒரு குடும்பம் வச்சிருக்கீங்களா?"

சிரித்தபடிதான் கேட்டாள். ஆனால் கட்டில் கம்பியைப் பிடித்த கையை அவள் எடுக்கவே இல்லை.

இரண்டாவது ட்ரொபோனினும் கூடவில்லை. மாரடைப்பு இல்லை என்றார்கள். அன்று இரவு பாட்டில் நிமிடத்துக்கு இருபது துளி போனது. எண்ணினால் பயம் இரண்டு அடி தள்ளி நிற்கும். முப்பது வருடமாக நான் எதையாவது எண்ணிக்கொண்டிருப்பது அதற்குத்தான் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

மறுநாள் காலை வைத்திய நிபுணர் வந்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா. நான் தாதியர் போதனாசிரியர் என்று தேவிகா சொல்லியிருந்ததால் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து சிங்களத்தில் பேசினார். இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயில் எங்கோ ஒடுக்கம் இருக்கிறது, பிரஷர் ஏறும்போது அது வலியாகத் தெரிகிறது, மருந்து தரலாம், ஒடுக்கம் எங்கே என்று பிறகு படம் பிடித்துப் பார்க்கலாம் என்றார். பிறகு, வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் வேலை என்று கேட்டார்.

கணக்கு என்னிடம் இருந்தது. ஐம்பத்தெட்டு.

முன்பு ஐந்து பேர் படிப்பித்தோம். ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வெளிநாடு போனார்கள். போனவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்களும் பிள்ளை குட்டி உள்ளவர்கள். மிஞ்சியது நானும் பரீனா மிஸ்ஸும், முப்பத்தேழு மாணவிகளும். காலை ஆறரைக்கு மாணவிகளை வாட்டுப் பயிற்சிக்குக் கூட்டிப்போக வேண்டும். அங்கே நோயாளிக்கு ஒன்றும் ஆகாமல் பார்க்க வேண்டும், மாணவி அழாமல் பார்க்க வேண்டும், வாட்டில் உள்ளவர்கள் மாணவியை ஏசும்போது நடுவில் நிற்க வேண்டும். பத்து மணிக்கு வகுப்பு. இரவில் விடைத்தாள். அதற்கும் பிறகு போன் வரும்: நாளைக்கு பஸ் காசு இல்லை சேர், அம்மாவுக்குச் சுகமில்லை சேர், படிப்பை விடப்போறேன் சேர்.

நிபுணர் அம்மா மூன்று கேள்வி கேட்டார். தூங்கி எழும்பினாலும் களைப்பு இருக்கிறதா? மாணவர்கள் மேல் முன்பு இருந்த அக்கறை இப்போதும் இருக்கிறதா? செய்கிற வேலையால் பிரயோசனம் உண்டு என்று நினைக்கிறீர்களா?

கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பணிச்சோர்வு என்று ஒரு பாடம் இருக்கிறது. வேலையே ஆளை உள்ளுக்குள் எரித்துத் தீர்ப்பது. அதன் மூன்று அடையாளங்களாக வருடா வருடம் நான் பலகையில் எழுதுவது இதே மூன்றைத்தான்: தீராத களைப்பு, மனிதர்கள் மேல் மரத்துப்போன மனசு, செய்வது வீண் என்ற எண்ணம். தாதிமாருக்கு வருவது என்று சொல்லிக்கொடுப்பேன். சொல்லிக்கொடுப்பவருக்கும் வரும் என்று பாடக் குறிப்பில் இல்லை. முதலாவது கேள்விக்கு ஆம் என்றேன். இரண்டாவதுக்கு வந்தபோது, பயந்து ஓடிவந்த பிள்ளைகளுக்கு ஐந்து ஐந்து மார்க்காகக் குறைத்துக்கொண்டிருந்த ஆளை நினைத்தேன். அந்த அம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "இருதயத்துக்கு நான் மருந்து எழுதுகிறேன். மற்றதற்கு நீங்கள்தான் எழுத வேண்டும். இனி பாதி வேலைக்கு மேல் செய்யக் கூடாது," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

வியாழக்கிழமை டிரெக்டர் போன் எடுத்தார்.

"சேர், ஒடம்ப பாத்துக்குங்க. அதுதான் முக்கியம். வேலைய பத்தி ஒண்ணும் யோசிக்காதீங்க."

"சரிங்க."

"அப்ப திங்கக்கிழம வந்துருவீங்கதானே?"

சரஸ்வதி பக்கத்தில் இருந்து ரசத்தை ஆற்றிக்கொண்டிருந்தாள். உப்பில்லாத ரசம். அதை எனக்காக முதலில் தான் குடித்துப் பார்த்து, முகம் சுளிக்காமல் பழகிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆளுகிட்ட சொல்லுங்க," என்றாள், போனுக்குக் கேட்கும்படி, "இந்த வாட்டுல திங்கக்கிழமையே கெடையாதுன்னு."

அவள் முடிவு செய்துவிட்டாள். நான் வேலையை விட வேண்டும். ஓய்வூதியம் இருக்கிறது, மகன் கொழும்பில் இருந்து கொஞ்சம் அனுப்புகிறான், வீட்டுக்குப் பின்னால் மிளகுக் கொடி இருக்கிறது. அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் ஒக்டோபர் மாதம் முப்பத்தேழு பிள்ளைகளுக்கும் இறுதிச் செயன்முறைப் பரீட்சை. ஒரு வகுப்புக்கு இரண்டு போதனாசிரியராவது இல்லாவிட்டால் எங்கள் நிலையத்தில் பரீட்சை நடக்காது. பிறகு அந்தப் பிள்ளைகள் இரண்டு வருடத்தையும் கட்டின பணத்தையும் விட்டுவிட்டுத் தையல் கம்பெனிக்குத்தான் போக வேண்டும். திலகவதியின் அம்மா அந்தப் பணத்தை மரம் மரமாகப் பால் வெட்டிச் சேர்த்தவள். போவதா, விடுவதா? மூன்று நாளும் என் தலைக்குள் இதுதான்.

வெள்ளிக்கிழமை திலகவதியும் இன்னொரு பிள்ளையும் தோடம்பழத்தோடு வந்தார்கள். கட்டிலுக்கு ஒரு கை தள்ளியே நின்றார்கள்.

"சேர், கோவமா?"

"எதுக்கு?"

"அந்த ஒம்பது நிமிசத்துக்கு."

"நான் போட்ட விதிதானே. அது இருக்கட்டும், அன்னைக்கு மார்க் தாள் என்னாச்சு?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கூட்டிட்டோம் சேர்," என்றாள் மற்றவள். "திலகாவுக்கு நாப்பதுக்கு முப்பத்தெட்டு."

"அதெப்படி? சேர்னு கூப்பிட்டா அஞ்சு கொறையணுமே."

"அஞ்சு கொறச்சோம் சேர். நோயாளி உசுரோட இருக்காருன்னு மூணு கூட்டினோம்."

நெஞ்சுவலிக்காரனைச் சிரிக்கவைக்கக் கூடாது என்று தேவிகா அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் போட்டாள். நான் சிரித்து எத்தனை மாதம் ஆயிற்று என்று கணக்குப் பார்த்தேன். அந்தக் கணக்கு என்னிடம் இல்லை.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பரீனா மிஸ் வந்தார். நாற்பத்திரண்டு வயது; எஹலியகொடைப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் குடும்பம்; எட்டு வயதில் ஒரு மகன். சரஸ்வதி தேத்தண்ணி வாங்கக் கீழே போயிருந்தாள். மிஸ் நனைந்த குடையைக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இப்ப எப்பிடி ஈக்கிறீங்க சேர்?"

"பரவாயில்ல மிஸ். வகுப்பு?"

"நடக்குது." ஸ்டூலை இன்னும் கிட்ட இழுத்தார். "சேர், ஒண்டு கேக்க வந்தேன். கோவிக்க வாணாம். நீங்க திரும்பி வாறதா, இல்லயா?"

"ஏன் மிஸ்?"

"கட்டார்ல வேல ஒண்டு சரியாகி ஈக்கி. வாற மாசம் வரச் செல்றாங்க. நீங்க வாறெண்டா நான் போகல்ல. நீங்க வரல்லயெண்டா..." கையை விரித்தார். "தனிய ஏலா சேர். மெய்யா ஏலா."

அவர் கேட்டது குற்றம் சாட்டும் குரலில் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல் கேட்டார். வருகிறேன் என்ற சொல் என் வாயில் இருந்தது. அதைச் சொல்வது எளிது. சொன்னால் நல்ல மனுசன் என்ற பெயரும் கிடைக்கும். அதைச் சொல்லாமல், நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டேன். நான்கு வருடம் ஒரே மேசையின் இரண்டு பக்கத்தில் இருந்தும் கேட்காத கேள்வி.

"நானா?" சிரித்தார். "விடைத்தாள அஞ்சு அஞ்சாப் பிரிச்சு வச்சிக்கொள்ற. முப்பத்தேழையும் ஒண்டாப் பாத்தா அழுக வருது. பெறகு, வீட்டுக்குப் போற பஸ்ஸுல ஒரு ஹோல்ட் முந்தியே எறங்கி நடக்குற. வீட்டுக்குள்ள போக முந்தி மொகத்த மாத்திக்கொள்ளணுமே சேர். மகன் பாத்தவொடன கேப்பான், உம்மா இண்டைக்கும் கோவமாண்டு. நான் கோவமில்ல வாப்பா, உம்மா கொஞ்சம்..."

அந்த வசனம் முடியவில்லை. தலை ஒரு பக்கம் சாய்ந்து கட்டில் கம்பியில் தங்கியது. முதலில் யோசிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு மூச்சின் சத்தம் மாறியது. மிஸ் தூங்கிவிட்டார்.

முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ நோயாளிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நோயாளியாகக் கிடந்துகொண்டு, பார்க்க வந்தவரைக் காவல் காத்தது அன்றுதான். சப்பாத்துக்குள் அவர் கால் நனைந்து வீங்கியிருந்தது. விரல் முழுக்கச் சிவப்பு மை. உதடு இலேசாக அசைந்தது. கனவிலும் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார் போலும்.

ஆறு மணிக்கு மணி அடித்தது. வாட்டு ஊழியர் ஒவ்வொரு கட்டிலாக வந்து, பார்க்க வந்தவர்களை எழுப்பி அனுப்பினார். என் கட்டிலுக்கு வந்து, "மாத்தயா, இந்த அம்மா..." என்று சிங்களத்தில் தொடங்கியபோது விரலை வாயில் வைத்துக் காட்டினேன். அவர் தேவிகாவைக் கூப்பிட்டார். தேவிகா வந்து பார்த்தாள். தன்னைப் படிப்பித்த இரண்டு பேரையும் ஒரே கட்டிலடியில் அந்த நிலையில் பார்த்தவள், திரையை இழுத்துவிட்டுப் போனாள். சரஸ்வதி தேத்தண்ணியோடு வந்தாள். திரையை விலக்கினாள். தேத்தண்ணியைத் தட்டில் வைத்துவிட்டுத் தன் போர்வையை எடுத்து மிஸ்ஸின் தோளில் போட்டாள். அதுவரை வேலையைப் பற்றி என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவள்.

நான் பழையபடி போனால், இருவரும் பழையபடி ஐம்பத்தெட்டு மணித்தியாலம் ஓடுவோம். ஒக்டோபருக்கு முன்னால் ஒருவர் விழுவோம். அது நானாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நான் போகாவிட்டால் மிஸ் கட்டார் போய்விடுவார். பிள்ளைகள் நடுவழியில் நிற்பார்கள். இரண்டு பதிலும் பிழை. அப்படியானால் கேள்வியில்தான் எங்கோ பிழை. இரண்டு பேர் செய்ய முடியாததை இரண்டு பேர் எப்படிப் பிரித்தாலும் மீதி வரும்.

மிஸ் திடுக்கிட்டு விழித்தார். போர்வையைப் பார்த்தார், சரஸ்வதியைப் பார்த்தார்.

"அல்லாஹ்வே. எவ்வளவு நேரம் சேர்?"

"பத்து நிமிசம்," என்றேன். உண்மையில் ஐம்பத்திரண்டு நிமிடம். எண்ணிக்கையில் நான் தெரிந்து சொன்ன பொய் அது ஒன்றுதான்.

"மிஸ், மூணாவது ஆள் ஒருத்தர் வேணும். வாரத்துக்கு மூணு நாள் போதும். யாரையாவது தெரியுமா?"

தெரிந்திருந்தது. அவர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, சவூதியில் எட்டு வருடம் தாதியாக இருந்து திரும்பிவந்த ஒருவர். படிப்பிக்கவும் தகுதி உண்டு. முழு நாள் வேலை வேண்டாம் என்று வீட்டில் இருக்கிறார்.

"ஆனா டிரெக்டர் சம்பளம் கொடுக்கமாட்டாரே சேர்."

"புதுசா ஒண்ணும் கொடுக்க வேண்டாம். ஏற்கனவே கொடுக்குறத பிரிச்சா போதும்."

ஞாயிற்றுக்கிழமை டிரெக்டருக்குப் போன் எடுத்தேன். வாரத்துக்கு மூன்று நாள் வருவேன். பாதிச் சம்பளம் போதும்; மீதிப் பாதி புதியவருக்கு. இனிக் கட்டிலில் போதனாசிரியர் படுக்கமாட்டார். மாணவிகள் மாறி மாறிப் படுப்பார்கள். பரீனா மிஸ்ஸுக்குப் புதன்கிழமை ஓய்வு. அன்று அவருக்கு யாரும் போன் எடுக்கக் கூடாது, டிரெக்டர் உட்பட.

"சேர்," என்றார் அவர், "சம்பளத்த பாதியாக்குங்கன்னு கேட்ட டியூட்டர நான் இப்பதான் பாக்குறேன்."

"ஆளும் பாதிதானே வர்றேன்."

நானும் பரீனா மிஸ்ஸும் இல்லாமல் போனால் தனக்கு என்ன நட்டம் என்று கணக்குப் பார்த்திருப்பார். அவரும் என்னைப் போலத்தான். சரி என்றார்.

சரஸ்வதியிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. முதலில் கோபப்பட்டாள். "பாதிச் சம்பளத்துக்கா? அதுக்கு வீட்ல சும்மா இருக்கலாமேங்க." பிறகு, என் உடுப்பை மடித்துக்கொண்டே, "ரெண்டு மணி பஸ்ஸுல வீட்டுக்கு வந்துரணும். ராத்திரியில போன நான்தான் வச்சிக்குவேன். இந்த ரெண்டுக்கும் சரின்னா போங்க," என்றாள். இரவில் போன் எடுத்த பிள்ளைகளுக்குப் பிறகு அவள்தான் பதில் சொன்னாள். என்னைவிட நன்றாகச் சொன்னாள் என்று கேள்வி.

திங்கட்கிழமை, ஏழாவது நாள், வீட்டுக்கு விட்டார்கள். மூன்று வாரம் கழித்து வேலைக்குப் போனேன். எக்கோ என்ற ஸ்கான் எடுத்துப் பார்த்ததில் இருதயத்தின் தள்ளும் பலம் குறையவில்லை. குழாயைப் படம் பிடிக்க இன்னும் நாள் வரவில்லை. மாத்திரை ஐந்து வகை. ஒக்டோபரில் பரீட்சை நடந்தது. முப்பத்தைந்து பேர் சித்தியடைந்தார்கள். இரண்டு பேர் திரும்ப எழுத வேண்டும். அந்த இருவருக்கும் புதிய மிஸ் பொறுப்பு. பரீனா மிஸ் கட்டாருக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார். ஒரேயடியாக இல்லை, அடுத்த வருடம் மறுபடி கேட்பார்கள், அப்போது யோசிப்பேன் என்கிறார். அப்போது அவர் போனாலும் போகட்டும். ஆனால் களைத்து ஓடுகிறவராகப் போகமாட்டார். இதைப் படிக்கும் போதனாசிரியர் யாராவது இருந்தால் ஒன்றுதான் சொல்வேன்: மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேளுங்கள். ஆஸ்பத்திரிக் கட்டில் வரை காத்திருக்க வேண்டாம்.

செலவு. அரசாங்க ஆஸ்பத்திரி படுக்கைக்கும் சோதனைக்கும் ஒரு சதமும் எடுக்கவில்லை. வெளியில் எடுத்த எக்கோ, பிறகு ஒரு தடவை தனியாரில் டாக்டரைப் பார்த்தது, கடையில் வாங்கிய மருந்து, சரஸ்வதியின் பஸ்ஸும் ஆட்டோவும், ஒரு பிளாஸ்க், சாப்பாடு எல்லாமாக இருபதாயிரத்துத் தொண்ணூறு ரூபாய். ஜூலையிலிருந்து ஒக்டோபர் வரை நான்கு மாதத்துக்கு நான் விட்டுக்கொடுத்த பாதிச் சம்பளம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். இரண்டாவதைச் சேர்க்கக் கூடாது என்கிறாள் சரஸ்வதி. அது நோய்க்குப் போன காசு இல்லையாம், பரீனா மிஸ்ஸுக்காகப் போனதாம். நோய்க்குத்தான் போனது என்கிறேன் நான். அது என் ஒருவனுடைய நோய் என்று சொல்லவில்லை. இரண்டையும் கூட்டினால் ஒரு லட்சத்து அறுபதாயிரத்துத் தொண்ணூறு ரூபாய்.